பாட்டிலுக்குள் வாழைத்தோப்பு: திசு வளர்ப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"ஒரு கிழங்குலேர்ந்து ஆயிரம் கன்னு எடுக்கலாமாமே, நிஜமா?" என்று கேட்டுக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் திசு வளர்ப்பு பற்றி விசாரிக்க வருகிறார்கள். நிஜம்தான். வாழைக் கிழங்கின் குருத்தைப் பாட்டிலுக்குள் சத்துக் கூழில் வளர்த்து, பிரித்துப் பிரித்துக் கன்றுகளாகப் பெருக்குவதுதான் திசு வளர்ப்பு. ஆனால் அந்த ஆயிரமும் அந்த ஒரு கிழங்கின் நகல். தாய்மரம் நோஞ்சான் குலை போட்டதாக இருந்தால் ஆயிரம் நோஞ்சான் குலைகள் வரும். கிழங்குக்குள் வைரஸ் இருந்தால் ஆயிரம் வீட்டுக்கு வைரஸ் அனுப்பிவைப்பீர்கள். ஆய்வகத்தில் இருக்கும் மருந்து, விளக்கு, மிஷின் எல்லாமே நகலெடுக்கிற சாமான்கள். எதை நகலெடுக்கிறோம் என்பதை அவை பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வாழைக்கு நகல் ஒன்றும் புதிதில்லை. நாம் சாப்பிடும் ரகங்களில் முளைக்கிற விதை கிடையாது. பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டுத்தான் இத்தனை காலமும் வாழையடி வாழையாக வந்திருக்கிறது. அப்படி நட்டால் ஒரு மரத்துக்கு நல்ல கன்று ஐந்தோ ஆறோதான் தேறும். கிழங்கோடு கூன்வண்டும் நூற்புழுவும் இலவச இணைப்பாக வரும். பாட்டிலில் வளர்ந்த கன்றில் அந்த இரண்டும் இருக்காது, எண்ணிக்கைக்கும் பஞ்சமில்லை, எல்லாம் ஒரே வயது என்பதால் தோட்டம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் குலை தள்ளும். விவசாயி கூடுதல் காசு கொடுத்து ஜி-9 கன்று வாங்குவது இதற்காகத்தான். (ஜி-9 என்று நாம் சுருக்கிவிட்ட கிராண்ட் நைன் ரகத்தின் பெயர் பிரெஞ்சு. 'பெரிய குள்ளன்' என்று அர்த்தம். மரத்தைப் பார்த்தால் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.)

இங்கே நான் சொல்வது பெரிய கம்பெனிக்கான திட்ட அறிக்கை இல்லை. ஓர் அறை, இரண்டு பேர், ஓர் ஏ.சி. என்ற அளவில் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கானது.

காலக்கணக்கு

கிழங்கைத் தோண்டிய நாளிலிருந்து வயலில் நடும் கன்று வரை ஏறக்குறைய ஒரு வருடம். முதல் குருத்து நிலைபெற ஒன்றரை மாதம், பெருக்கத்துக்கு ஆறு மாதம், வேர்விட ஒரு மாதம், வெளிக்காற்றுக்குப் பழக்க மூன்று மாதம். கார்த்திகை நடவுக்குக் கன்று வேண்டும் என்றால் போன கார்த்திகையிலேயே கிழங்கு உங்கள் மேஜைக்கு வந்திருக்க வேண்டும். "ரெண்டு மாசத்துல அஞ்சாயிரம் கன்னு தர்றேன்" என்று யாரிடமும் வாய்கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தாய்மரம்

புதிதாக வருபவர்கள் இந்தப் பகுதியைத்தான் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ரகம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிழங்கைப் பெயர்த்து வந்துவிட்டேன்.

செய்ய வேண்டியது இது. குலை தள்ளிய மரத்தைத் தேடிப் போங்கள், குலையைப் பார்க்காமல் மரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. சீப்பு எத்தனை, காய் ஒரே சீராக இருக்கிறதா, மரம் எவ்வளவு நாளில் குலை தள்ளியது என்று தோட்டக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மரத்தை மட்டும் பார்க்காமல் சுற்றி இருபது மரங்களைப் பாருங்கள். முடிக்கொத்து நோய் ஒரு மூலையில் தெரிந்தால்கூட அந்தத் தோட்டமே வேண்டாம். அந்த நோய் வந்த மரத்தில் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். நோய் முற்றுவதற்கு முன்பே இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறியீடு போல ஓடும். அதைக் கண்ணால் பிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாததைச் சோதனைதான் காட்டும். வாழையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நான்கு வைரஸ்கள்: முடிக்கொத்து, பூமடல் தேமல், வெள்ளரித் தேமல், கீற்று வைரஸ். இலைத்துண்டைக் கொடுத்தால் எலிசா, பி.சி.ஆர். முறைகளில் பார்த்துச் சொல்லும் ஆய்வகங்கள் உண்டு. திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சோதனைச் செலவு ஒரு தாய்மரத்துக்கு ஒரு தடவை. அதை மிச்சம் பிடித்தால் ஆயிரம் கன்றில் வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

பூவன், நேந்திரன், ரஸ்தாளி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை வாழைகளின் மரபணுவிலேயே கீற்று வைரஸின் துண்டுகள் ஒளிந்திருப்பது உண்டு. பாட்டில் வளர்ப்பின் அழுத்தத்தில் அது விழித்துக்கொள்ளலாம். தாய்மரத்தில் இல்லாத வைரஸ் கன்றில் எட்டிப்பார்ப்பது இதனால்தான். முதல் முயற்சிக்கு ஜி-9 எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நுனிக் குருத்தின் வளர்முனைக்குள் வைரஸ் எளிதில் ஏறாது. அந்தக் கடுகளவு முனையை மட்டும் எடுத்து வளர்த்தால் நோயுற்ற செடியிலிருந்தும் நோயில்லாச் செடி எடுக்கலாம் என்று பிரான்சில் மோரெல், மார்ட்டின் இருவரும் 1952-இல் டேலியாச் செடியில் காட்டினார்கள். ஆனால் நாம் வழக்கமாக எடுக்கும் ஒரு சென்டிமீட்டர் குருத்து அந்த முனையைவிட எத்தனையோ மடங்கு பெரியது, வைரஸ் அதில் சவுகரியமாக உட்கார்ந்திருக்கும். 'டிஷ்யூ கன்று என்றாலே வைரஸ் இருக்காது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மரம் முடிவானதும், ஈட்டி போலக் குறுகிய இலையோடு நிற்கும் கன்றைக் கிழங்கோடு தோண்டுங்கள். அகன்ற இலைவிட்ட நீர்க்கன்று வேண்டாம். மழை ஓய்ந்து சில நாட்கள் வெயில் காய்ந்த பிறகு தோண்டினால் அழுகல் தொல்லை குறையும்.

அறையும் சாமானும்

லாமினார் எனப்படும் காற்றுப்பெட்டிதான் பெரிய செலவு. ஹெப்பா வடிகட்டி வழியாக வரும் காற்று உங்கள் முகத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும், அறையின் தூசி உள்ளே போகாது. பழகிப் பார்க்க மட்டும் என்றால் பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து, கை நுழைய இரண்டு ஓட்டை போட்டுக்கூட ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த அடைத்த பெட்டிக்குள் ஸ்பிரிட் தெளித்துவிட்டு, இடுக்கியைத் தீயில் காட்டும் விளக்கை ஏற்றாதீர்கள். ஆவி குப்பென்று பிடிக்கும். லாமினாரிலும் துடைத்த ஸ்பிரிட் காய்ந்த பிறகுதான் விளக்கு.

நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இல்லாதவர்களுக்கு வீட்டுக் குக்கர் போதும். 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம் என்பது கணக்கு. நம் வீட்டுக் குக்கரின் வெயிட் தூக்குவதும் ஏறக்குறைய அந்த அழுத்தத்தில்தான். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். தானாக ஆறட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பாட்டிலுக்குள் மீடியா (கன்று வளரும் கூழ்) பொங்கி மூடியில் ஏறிவிடும்.

கன்று வளர்க்க ஜாம் பாட்டில்கள், வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் மூடியோடு. இடுக்கி, ஸ்கால்பெல் பிளேடு, 0.01 கிராம் காட்டும் தராசு, அமில-கார அளவைக் காட்டும் பி.எச். மீட்டர், காய்ச்சி வடித்த தண்ணீர். வளர்ப்பு அறையில் சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கு, 16 மணி நேரம் வெளிச்சம் 8 மணி நேரம் இருட்டு என்று டைமர், 25 டிகிரிக்கு ஏ.சி. மின்வெட்டுக்கு என்ன செய்வீர்கள் என்பதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். சித்திரையில் ஒரு மதியம் ஏ.சி. நின்றால் மூடிய அறையில் பாட்டில்கள் வெந்துவிடும்.

மீடியா

மண்ணுக்குப் பதில் பாட்டிலில் நாம் கொடுக்கும் கூழ்தான் மீடியா. உலகம் முழுக்கப் பெரும்பாலான ஆய்வகங்களில் புழங்குவது எம்.எஸ். மீடியா. முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் அமெரிக்காவில் புகையிலைத் திசுவை வைத்து வகுத்து 1962-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகள்தான் எம்.எஸ். உப்புகளைத் தனித்தனியாக வாங்கி நிறுக்க வேண்டியதில்லை. வைட்டமின் சேர்த்த தூளாகவே கிடைக்கிறது, லிட்டருக்குச் சுமார் 4.4 கிராம். மழைக்காலத்தில் அந்தத் தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும் என்பதால் ஃபிரிட்ஜில், இறுக்கி மூடி வையுங்கள்.

ஒரு லிட்டருக்கு: தூளைத் தண்ணீரில் கரைத்து, சர்க்கரை 30 கிராம் சேர்த்து, ஹார்மோன் விட்டு, லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, பி.எச். 5.8-க்குக் கொண்டுவந்து, அப்புறம் அகர் (கூழை இறுகவைக்கும் கடற்பாசித் தூள்) 7 கிராம் போட்டுக் காய்ச்ச வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள். ஒரு தடவை அகரைக் கரைத்த பிறகு பி.எச். பார்க்க நினைத்தேன். கூழில் மீட்டரின் முனை ஒட்டிக்கொண்டு தவறான எண் காட்ட, நான் அமிலத்தை மேலும் மேலும் விட்டு, கடைசியில் நாற்பது பாட்டிலும் இறுகாமல் ரசம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அமிலம் மிகுந்தால் அகர் உறையாது.

ஹார்மோன் என்று மிரள வேண்டாம். சைட்டோகினின் கூடினால் குருத்து வரும், ஆக்சின் கூடினால் வேர் வரும். இந்த விகிதம்தான் சூட்சுமம் என்று அதே ஸ்கூக், மில்லர் என்பவரோடு சேர்ந்து 1957-இலேயே சொல்லிவிட்டார். வாழையைப் பெருக்க பி.ஏ.பி. என்ற சைட்டோகினின் லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம். இந்த அளவை நேரடியாக நிறுக்க முடியாது. 100 மில்லிகிராம் பி.ஏ.பி.யைச் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, தண்ணீர் சேர்த்து 100 மில்லியாக்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 மில்லி எடுத்தால் 1 மில்லிகிராம். 'கொஞ்சம் கூடப் போட்டால் வேகமாகப் பெருகும்' என்று தாராளம் காட்டுகிறவர்கள் உண்டு. குருத்துக்குப் பதில் பூக்கோசு மாதிரி உருண்டைத் திரள் வரும். குறைபாட்டுக் கன்றுகள் அதிகமாகும்.

பாட்டிலுக்கு 30 முதல் 40 மில்லி ஊற்றி மூடி, குக்கரில் வேகவைத்து, ஆறிய பிறகு மூன்று நான்கு நாள் சும்மா வையுங்கள். வேக்காடு போதாத பாட்டில் அதற்குள் பூசணத்தைக் காட்டிவிடும்.

வெறும் பாட்டில் பரீட்சை

கிழங்கைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். பத்துப் பாட்டில் மீடியா எடுத்துக்கொண்டு லாமினாரில் உட்காருங்கள். கையை 70 சதவீத ஸ்பிரிட்டில் துடையுங்கள். முழு ஸ்பிரிட்டைவிடத் தண்ணீர் கலந்த 70 சதவீதம்தான் கிருமியை நன்றாகக் கொல்லும். மூடியைத் திறந்து, தீயில் காட்டி ஆறவைத்த இடுக்கியால் மீடியாவைத் தொட்டு, பாட்டில் வாயைத் தீயில் ஒரு சுற்று காட்டி மூடுங்கள். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பத்தும் சுத்தமாக இருந்தால் உங்கள் கை தயார்.

எனக்கு முதல் தடவை பத்தில் ஏழு போயிற்று. நான் பயிற்சிக்குப் போன இடத்தில் வருடக்கணக்காக அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தெறந்த பாட்டிலுக்கு மேல கையக் கொண்டு போறீங்க. கையிலேர்ந்து என்ன கொட்டுதுன்னு இப்பத் தெரியாது. அஞ்சா நாள் தெரியும்." கை எப்போதும் பாட்டிலுக்குப் பக்கவாட்டில், காற்று போகிற திசையில் பாட்டிலைத் தாண்டிய இடத்தில் இருக்க வேண்டும். புத்தகத்தில் நூறு தடவை படித்திருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் கை கேட்டது.

கிழங்கிலிருந்து குருத்து

வேர், மண் எல்லாம் போகக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வேர்களைச் சீவி, இலைமடல்களை ஒவ்வொன்றாக உரித்து வாருங்கள். பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள், வாழைக்கறை துவைத்தால் போகாது. உரிக்க உரிக்க மடல் வெளுத்துக்கொண்டே வரும். மூன்று நான்கு சென்டிமீட்டர் கட்டையாக, அடியில் வெள்ளைக் கிழங்கும் மேலே கூம்பாக மடல்களும் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். இதைப் பூசணக்கொல்லிக் கரைசலில் அரைமணி நேரம் ஊறவையுங்கள்.

அடுத்தது லாமினாருக்குள். 70 சதவீத ஸ்பிரிட்டில் ஒரு நிமிடம், பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 15 முதல் 20 நிமிடம். கடையில் விற்கும் பிளீச்சில் இது நான்கைந்து சதவீதம் இருக்கும், அதை ஒன்று முதல் ஒன்றரை சதவீதத்துக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். இதோடு அமிலமோ வேறு கழுவும் திரவமோ கலந்துவிடக் கூடாது, விஷவாயு வரும். பல ஆய்வகங்களில் மெர்குரிக் குளோரைடு பயன்படுத்துகிறார்கள், அதற்கு வேகம் அதிகம். ஆனால் அது பாதரச விஷம், சாக்கடையில் கொட்ட முடியாது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. கற்றுக்கொள்கிறவருக்கு அது வேண்டாம். கடைசியாக, வேகவைத்து ஆறிய தண்ணீரில் மூன்று முறை அலசல்.

இப்போது பிளேடு. மருந்து பட்டு வெந்த வெளி விளிம்பைச் சீவிவிட்டு, இன்னும் இரண்டு மூன்று மடல் உரித்தால் ஒரு சென்டிமீட்டர் அளவில் தந்தம் மாதிரி வெளுப்பாக ஒரு கூம்பு மிஞ்சும். அடியில் கொஞ்சம் கிழங்குச் சதை இருந்தாக வேண்டும், முழுக்கச் சீவிவிட்டால் பிழைக்காது. அதை மீடியாவில் நிமிர்த்தி, அடிப்பகுதி மட்டும் புதையும்படி வையுங்கள்.

சில மணி நேரத்தில் வெட்டுவாய் கறுக்கத் தொடங்கும். சுற்றி மீடியாவும் காப்பி நிறமாகும். பயந்துவிடாதீர்கள், கெட்டுப்போகவில்லை. வாழைப்பூவை நறுக்கி வெளியே வைத்தால் கறுப்பது போலத்தான் இதுவும். வெட்டிய இடத்தில் ஃபீனால் பொருட்கள் காற்றோடு சேருகின்றன. நம் வீட்டில் நறுக்கிய பூவை மோர் கலந்த தண்ணீரில் போடுவார்களே, அதே வித்தைதான் இங்கேயும்: அஸ்கார்பிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் கலந்து வேகவைத்து ஆறிய தண்ணீரில், வெட்டிய குருத்தைக் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து வையுங்கள். முதல் வாரம் இருட்டில் வைத்தால் கறுப்பு இன்னும் குறையும். அப்படியும் கறுத்தால் அடியைச் சீவிப் புது மீடியாவுக்கு மாற்றுங்கள், கறுத்த மீடியாவிலேயே விட்டால் குருத்து செத்துப்போகும்.

கெட்டுப்போவது பற்றி

மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். பஞ்சு மாதிரி வந்தால் பூசணம், பச்சையும் கறுப்புமாகப் பொடி கட்டும். திசுவின் அடியைச் சுற்றிப் பால் மாதிரி மங்கல் வந்தால் பாக்டீரியா. இரண்டில் எதைக் கண்டாலும் மூடியைத் திறக்காமல் குக்கரில் போட்டு வேகவைத்த பிறகுதான் கழுவ வேண்டும். வளர்ப்பு அறையில் ஒரு பூசணப் பாட்டிலைத் திறந்தால் அறை முழுக்க விதைத்த மாதிரி.

வாழைக்கு ஒரு விஷமம் உண்டு. பாக்டீரியா கிழங்குத் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும், மேலே எந்த மருந்து போட்டாலும் சாகாது. மூன்று சுற்று (கொத்தைப் பிரித்துப் புதுப் பாட்டிலுக்கு மாற்றுவது ஒரு சுற்று) சுத்தமாகப் பெருகிவிட்டு நான்காம் சுற்றில் திடீரென்று பால் கட்டும். ஆகவே எந்தக் குருத்திலிருந்து எந்தப் பாட்டில் வந்தது என்று தெரிந்தால்தான் அந்த வம்சத்தை மட்டும் ஒதுக்க முடியும். தெரியாவிட்டால் மொத்தத்தையும் கொட்ட வேண்டும்.

அதற்குத்தான் லேபிள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மார்க்கர் பேனாவால் பாட்டிலிலேயே எழுதிவைத்திருந்தேன். லாமினாருக்குள் வைக்கும் முன் பாட்டிலைத் துடைப்பது எதனால்? ஸ்பிரிட்டால். மார்க்கர் மை எதில் கரையும்? அதே ஸ்பிரிட்டில். ஒரு நாள் காலையில் ஜி-9-உம் நேந்திரனும் பெயரில்லாமல் ஒரே தட்டில் உட்கார்ந்திருந்தன. பாட்டிலுக்குள் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஊகித்துப் பிரித்து விற்பதைவிடக் கொட்டுவது மேல் என்று கொட்டினேன். இப்போது காகித ஒட்டியில் பென்சில்தான். ரகம், தாய்மர எண், குருத்து எண், எத்தனையாவது சுற்று, தேதி.

எறும்பையும் மறக்காதீர்கள். சர்க்கரை போட்ட கூழ் ஆயிற்றே. எறும்பும் சிலந்திப்பேனும் மூடி இடுக்கில் நுழைந்து பாட்டில் பாட்டிலாகப் பூசணத்தைச் சுமந்து போகும். மீடியாவின் மேல் கோடு இழுத்த மாதிரி பூசணம் நடந்து போயிருந்தால் அது அவர்கள் வேலை. அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

பெருக்கம்

மூன்று நான்கு வாரத்தில் வெள்ளைக் கூம்பு பருத்துப் பச்சையாகும். அதை நெடுக்காக இரண்டாகவோ நான்காகவோ பிளந்து புது மீடியாவில் வையுங்கள். நுனியின் ஆதிக்கம் போனால்தான் பக்க மொட்டுகள் கிளம்பும். முதல் இரண்டு சுற்று சலிப்பாக இருக்கும், ஒன்று இரண்டாகும், சில சமயம் ஒன்று ஒன்றாகவே இருக்கும். அப்புறம் பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொத்தைப் பிரித்து, இலையை வெட்டி, கறுத்த அடியைச் சீவி, இரண்டு மூன்று குருத்துகள் கொண்ட துண்டாகப் புதுப் பாட்டிலில் வைப்பதே வேலை.

சுற்றுக்கு மூன்று மடங்கு என்று வைத்தால் ஆறாம் சுற்றில் 729, ஏழாம் சுற்றில் 2187. தாளில் கணக்குப் போட்டால் யாருக்கும் ஆசை வரும். பத்தாவது, பதினைந்தாவது சுற்று வரை இழுத்தால் என்ன என்று தோன்றும். இழுக்கக் கூடாது. நகலின் நகலின் நகல் எடுக்கும்போது எழுத்து மங்குவது போல, சுற்று ஏற ஏறக் கன்றில் மாற்றங்கள் வரும். வாழையில் அதிகம் வருவது குட்டை மரம். இலை தடித்து, நெருங்கி, குலை வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். எட்டுச் சுற்றைத் தாண்டாமல் புதுக் கிழங்குக்குப் போவதுதான் தொழிலில் நாணயமான வழக்கம். கிழங்குக்கு ஆயிரம் கன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றம் எப்போதும் நஷ்டம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. தைவானில் வாடல் நோய் கேவண்டிஷ் வாழையை (நம் ஜி-9 சேர்ந்த வகை) அழித்தபோது, ஆயிரக்கணக்கான திசுக் கன்றுகளை நோய் மண்ணிலேயே நட்டு, தப்பிப் பிழைத்த மாற்றக் கன்றுகளிலிருந்து நோயைத் தாங்கும் வரிசைகளை எடுத்தார்கள். ஆனால் அது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. விவசாயியின் வயலில் அந்தப் பரிசோதனையைச் செய்ய நமக்கு உரிமையில்லை.

வேண்டிய எண்ணிக்கை வந்ததும் பி.ஏ.பி.யை நிறுத்திவிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஐ.பி.ஏ. அல்லது என்.ஏ.ஏ. என்ற ஆக்சினும் ஒரு சிட்டிகை கரித்தூளும் (ஆக்டிவேட்டட் சார்கோல்) சேர்த்த மீடியாவில் தனித்தனிக் குருத்தாக வையுங்கள். வாழை வேர்விடத் தயங்குவதே இல்லை. ஒரு மாதத்தில் கறுப்பு மீடியாவுக்குள் வெள்ளை வேர் பின்னிக்கிடக்கும். இந்தப் பகுதியில் எனக்குச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

பாட்டிலுக்கு வெளியே

ஆய்வகத்தில் கெட்டுப்போனதைவிட இங்கே நான் இழந்தது அதிகம். பாட்டிலுக்குள் ஈரப்பதம் நூறு சதவீதம். சர்க்கரை கூழில் வருகிறது. அந்தக் கன்றின் இலையில் மெழுகுப் பூச்சு சரியாக இல்லை, இலைத்துளைகள் மூடத் தெரியாமல் திறந்தே கிடக்கும். அப்படியே வெளியே வைத்தால் அரைமணியில் துவண்டு விழும். அதற்கு ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும்.

பாட்டிலிலிருந்து எடுத்ததும் வேரில் ஒட்டிய அகரைக் குழாய்த் தண்ணீரில் முழுக்கக் கழுவுங்கள். சர்க்கரைக் கூழ் ஒட்டியிருந்தால் பூசணத்துக்கு விருந்து. பூசணக்கொல்லியில் முக்கி, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி நடுங்கள். நார்க்கழிவைப் பலமுறை தண்ணீரில் அலசி உப்பை இறக்கியிருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று அலசாத கழிவில் நட்டால் இலை விளிம்பு கருகி ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். தட்டுகளைப் பாலிதீன் கூடாரத்துக்குள் வைத்து, புகைமாதிரி தண்ணீர் தெளித்து ஈரத்தை எண்பது தொண்ணூறு சதவீதத்தில் வையுங்கள். முதல் வாரம் திறக்க வேண்டாம். இரண்டாம் வாரம் காலையும் மாலையும் ஒரு மணி நேரம், பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஐந்தாறு வாரத்தில் கூடாரத்தையே எடுத்துவிடலாம். கத்திரி வெயிலில் இந்தக் கட்டம் விழாதபடி முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

அடுத்து மண்ணும் தொழு உரமும் கலந்த பையில், ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே இன்னொரு ஐந்தாறு வாரம். சுற்றிலும் பூச்சி புகாத வலை அவசியம். முடிக்கொத்து வைரஸைப் பரப்பும் அசுவினிக்கு இந்த இளங்கன்று என்றால் கொள்ளை ஆசை. ஆய்வகத்தில் சுத்தமாக இருந்த கன்று நாற்றங்காலில் நோய் வாங்கினால் பழி உங்கள் மேல்தான் வரும். வாடல் நோய் உள்ள மண்ணில் நட்டால் திசுக் கன்றும் வாடும், எதிர்ப்பு சக்தி எதுவும் பாட்டிலில் ஏறுவதில்லை. இதை வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜி-9 பைக்கன்றின் இலையில் செம்பழுப்புத் திட்டுகள் வரும். வாங்க வருகிறவர் பார்த்துவிட்டு, "என்ன சார், கன்னெல்லாம் நோய் அடிச்சிருக்கு" என்று கிளம்பப் பார்ப்பார். அது நோயில்லை. அந்த ரகத்தின் இளங்கன்றுக்கு அது இயல்பு, வயலில் நான்கைந்து இலை விட்டதும் மறைந்துவிடும். கவலைப்பட வேண்டியது வேறு: வரிசையில் உட்கார்ந்து கண்மட்டத்தில் பார்த்தால் சில கன்றுகள் மட்டும் தலை தாழ்ந்து, இலைக் காம்பு குட்டையாக, ரோஜாப்பூ அடுக்கு மாதிரி நெருங்கி நிற்கும். சில இலைகள் வெளிர்கோடு ஓடித் தடித்து நெளிந்திருக்கும். இவற்றை யோசிக்காமல் பிடுங்குங்கள். ஓரடி உயரமும் ஐந்து நல்ல இலையும் இருப்பதே விற்கத் தகுதியான கன்று. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1210 வேண்டும். பத்து சதவீதம் கூடுதலாக வளர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக்குப் போவதாக இருந்தால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் கொண்டுவந்த திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான சான்றளிப்பு முறையைப் பற்றி விசாரியுங்கள். ஆய்வகத்துக்கு அங்கீகாரம், கன்றுத் தொகுதிக்கு வைரஸ் சோதனை, லேபிள் என்று நடைமுறை இருக்கிறது. மேலே சொன்ன தாய்மரப் பதிவேடும் பாட்டில் லேபிளும் உங்களிடம் ஒழுங்காக இருந்தால் அதற்கான பாதி வேலை முடிந்த மாதிரி.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு தொகுதியிலும் பத்துக் கன்றை விற்காமல் உங்கள் கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ, தாய்மர எண்ணை எழுதிய பலகையோடு நட்டுவிடுங்கள். ஏழெட்டு மாதத்தில் குலை தள்ளும். வாங்கிப்போன விவசாயி "சார், குலை ஒரு மாதிரி இருக்கு" என்று போன் செய்யும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.